கிறுகுவதற்கு ஒரு கடல் மைல் வேணும்

நான் விமானம் எடுக்கும் பயிற்சிப் பள்ளியில் செஸ்னா 152 என்ற சின்ன விமானத்துக்கு வாடகை மணிக்கு 60,000 ரூபா. நிமிடத்துக்கு ஆயிரம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று நான் எடுத்த ஒவ்வொரு முடிவுக்குள்ளும் இந்தக் கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 119 கடல் மைல். அந்தக் கோடு கண்டிக்கும் நக்கிள்ஸ் மலைக்கும் கொஞ்சம் தெற்கே, மலைநாட்டுக்கு மேலால் போகிறது. மலையைச் சுற்றிக் குருநாகல், சிகிரியா, பொலன்னறுவைப் பக்கத்தால் போனால் 143 வரும். 90 நொட், அதாவது மணிக்கு 90 கடல் மைல் வேகத்தில் வித்தியாசம் பதினாறு நிமிடம், பதினாறாயிரம் ரூபா. அதை மிச்சம் பிடிக்கப் போய் நாலு லட்சத்துக்கு மேல் கட்டினேன். கட்டுவதற்கு ஆள் மிஞ்சியதே பெரிய விசயம்.

லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம், மொத்தம் 68 மணித்தியாலம் பறந்தவன். பொங்கலுக்கு மறுநாள் காலை தனியாக மட்டக்களப்பு வீட்டுக்குப் போய், மத்தியானம் சாப்பிட்டு, பின்னேரம் திரும்புவதாகத் திட்டம். காலையில் 7,500 அடியில் போனேன். மலையெல்லாம் கழுவிவிட்ட மாதிரித் தெளிவாக இருந்தது. வாடைக்காற்று எதிர்த்ததால் ஒன்றே முக்கால் மணித்தியாலம் எடுத்து, திமிலைதீவில் இறங்கினேன். அந்த ஒரு காலைதான் என்னைக் கெடுத்தது. ‘இந்தப் பாதை லேசு’ என்று மனதில் பதிந்துவிட்டது. பின்னேரம் இரண்டே முக்காலுக்குக் கிளம்பும்போது, வலது இருக்கையின் காலடியில் அம்மா தந்த எருமைத் தயிர்ச்சட்டி, வாயில் தாள் கட்டி, கயிறு சுற்றி. நாலரைக்கு அதே விமானத்தை இன்னொரு மாணவன் எடுக்க வேண்டும். மலைப்பக்கம் மேகம் இருக்கே என்று ஒரு யோசனை வந்தது. பள்ளியில் என்ன சொல்வார்கள் என்ற யோசனை அதைவிடப் பெரிதாக வந்தது.

கிளம்ப முன் நான் பார்த்தவை இரண்டு. ஒன்று, என் தலைக்கு மேலே இருந்த வானம்: மேகம் இருந்தது, ஆனால் உயரத்தில். மற்றது, இரத்மலானையில் நிற்கும் கூட்டாளிக்கு ஒரு கோல்: ‘மச்சான், இங்க வெயில் கொளுத்துது.’ இரண்டு முனையும் நல்லது, அப்படியானால் நடுவும் நல்லதுதான் என்று நினைத்தேன். மாரியில் இந்தத் தீவில் நினைக்கக் கூடாத நினைப்பு அது. வாடை வடகிழக்கிலிருந்து வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. மட்டக்களப்புச் சமவெளியில் அது தடையில்லாமல் ஓடும். மகியங்கனையைத் தாண்டி மலைச்சுவரில் மோதினால் மேலே ஏறித்தான் ஆக வேண்டும், ஏறும்போது குளிர்ந்து மேகமாகும். மலைக்கு மேற்கே அதே காற்று இறங்குவதால் கொழும்பில் வெயில். அதாவது மாரிக் காலத்தில் இரத்மலானையில் வெயில் அடிப்பது கிழக்குச் சரிவைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் சொல்வதில்லை. மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்றில் இதே கதை தலைகீழாக நடக்கும்: எங்கள் பக்கம் கச்சான் வீசிக் காயும், மேற்குச் சரிவு மூடிக்கிடக்கும்.

ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, யாரும் செய்யலாம். வெப்பநிலைக்கும், காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் பனிபடு நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 400ஆல் பெருக்கினால், திரள் மேகத்தின் அடிப்பக்கம் எத்தனை அடியில் தொடங்கும் என்று கிட்டத்தட்டத் தெரியும். அன்று 28ம் 22ம். ஆறு நானூறு 2,400 அடி. அந்தக் கோட்டில் வரும் மலைகள் அதைவிட உயரம், பக்கத்து நக்கிள்ஸின் உச்சி ஆறாயிரத்து இருநூறு அடிக்கு மேலே. ஆகவே மேகத்துக்குக் கீழே நேர்கோட்டில் போக வழியே கிடையாது, தரையிலேயே முடிந்த கதை. ஆனால் நான் படத்தை விரித்து ஒரு வழி ‘கண்டுபிடித்தேன்’: மகியங்கனையில் மகாவலியைப் பிடித்து, மினிப்பே, ரந்தெம்பே, ரந்தெனிகல, விக்டோரியா என்று அணைகளைத் தொட்டு ஆற்றின் மேலாலேயே கண்டிக்குப் போவது. விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பினால் நீர்மட்டம் 438 மீற்றர், கிட்டத்தட்ட 1,440 அடி. நான் 2,200இல் போனால் 760 அடி மிச்சம். சட்டம் கேட்பது தரைக்கு மேலே 500. தாளில் எல்லாம் சரியாகவே வந்தது. ஒரு பாதை கிடைத்துவிட்டது என்று சந்தோசப்பட்டால், அதைத் தேட வைத்தது எது என்று அந்த இடத்திலேயே கேட்க வேண்டும். என்னைத் தேட வைத்தது அந்தப் பதினாறாயிரம்.

வவுணதீவு, கரடியனாறு, பிறகு பதுளை வீதியைப் பிடித்து மகாஓயா. எல்லாம் அருமை. பின்காற்றில் தரைவேகம் 105க்கு மேல், காசு மிச்சம். பதியத்தலாவைக்குக் கிட்ட முதல் தூறல். மேகம் கொஞ்சம் கீழே வந்தது, நானும் 1,900க்கு வந்தேன். இன்னும் ஐந்து நிமிடத்தில் 1,600. இதைக் கவனியுங்கள்: 2,200இல் போகும் ஒருவனிடம் ‘மலையை நோக்கி 1,600க்கு இறங்குவாயா’ என்று கேட்டால் மாட்டேன் என்றுதான் சொல்வான். முந்நூறு முந்நூறாகக் கேட்டால் சம்மதித்துவிடுவான். மேகத்தின் அடி தாழும்போது தரையும் மெல்ல உயர்ந்துகொண்டிருந்தது, ஆனால் மழை வழியும் கண்ணாடிக்குள்ளால் அது தெரியாது. செஸ்னா 152க்கு வைப்பர் இல்லை. முன்னுக்கு மங்கலாகவும் பக்கத்தில் தெளிவாகவும் இருப்பதால், பக்கத்து ஜன்னலால் பார்த்து ‘தெரியுதுதானே’ என்று ஆறுதல் பட்டுக்கொண்டே போகலாம். நான் போனேன்.

மகியங்கனை விகாரையின் வெள்ளைத் தாதுகோபம் இடப்பக்கம் கடந்தது. தெற்கே மினிப்பேப் பக்கம் திரும்பி இரண்டு நிமிடம் இருக்காது, வெள்ளைத் துணியைப் போர்த்தின மாதிரி எல்லாம் போய்விட்டது. மேகத்துக்குள் நுழையும் கணம் என்று ஒன்று இல்லை. தூறல், மங்கல், பிறகு வெள்ளை. திரும்பத் தொடங்கினேன், வலப்பக்கம். அதுவும் பிழை. வலப்பக்கம்தான் மலை. இடப்பக்கம், காற்று வரும் திசைக்குத் திரும்பியிருக்க வேண்டும். 90 நொட்டில் நொடிக்கு மூன்று பாகை வீதம் திரும்பினால் 180 பாகைக்கு ஒரு நிமிடமும், ஏறத்தாழ ஒரு கடல் மைல் அகலமும் தேவை. 20 நொட் காற்று அந்த ஒரு நிமிடத்தில் இன்னும் மூன்றில் ஒரு கடல் மைல் தள்ளும், மலைப்பக்கமாகத் தள்ளும். நான் போக நினைத்த ரந்தெம்பேக் குறுகலுக்குள் இந்த அகலத்தை எங்கே தேடுவது? மேகம் என்னைப் பள்ளத்தாக்கின் வாசலிலேயே பிடித்தது என் அதிர்ஷ்டம். உள்ளே வைத்துப் பிடித்திருந்தால் எழுத ஆள் இருந்திருக்காது.

நேராக, மட்டமாக இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. முதலில் மாறியது சத்தம். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூர்மையாகியது. வேகமானி 118. இந்த விமானத்தில் 111க்கு மேல் மஞ்சள், எச்சரிக்கை வேகம். உயரமானி முள் இறங்குகிறது. ‘இறங்குகிறோம், இழு’ என்று மனம் சொன்னது, மூக்கை உயர்த்தக் கைப்பிடியை, யோக்கை இழுத்தேன். இன்னும் வேகமாக இறங்கியது. சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும் விமானத்தில் யோக்கை இழுத்தால் அது மேலே ஏறாது, சுழல் இறுகும், அவ்வளவுதான். சுழன்று இறங்கிச் செத்தவர்களில் பலர் கடைசிவரை இழுத்துக்கொண்டேதான் போயிருக்கிறார்கள். உடம்பு கனத்தது. திரும்பலைக் காட்டும் டர்ன் கோர்டினேட்டரில் குட்டி விமானம் வலப்பக்கம் அடியில் முட்டி நின்றது, அடிவானம் காட்டும் கருவியில் சாய்வு 45ஐத் தாண்டியிருந்தது. இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றன, என் உடம்பு மட்டும் வேறு கதை சொல்கிறது. பயிற்சி தந்தவர், அக்கரைப்பற்றுக்காரர், நானா என்றுதான் கூப்பிடுவேன், வெளியே தெரியாமல் மறைக்கும் ஹூட் போட்டுப் பழக்கும்போது ஒரே ஒழுங்கில் சொல்ல வைப்பார்: பவர், சிறகு, மூக்கு. பவரைக் குறைக்க த்ரொட்டிலை முழுதாக இழு. சிறகைச் சமமாக்கு, அதுவரை மூக்கைத் தொடாதே. சமமான பிறகு மெதுவாக உயர்த்து. மெதுவாக என்பது முக்கியம். முழுப் பாரத்தில் 104 நொட்டுக்கு மேலே வெடுக்கென்று இழுத்தால் சிறகு தாங்கும் என்று சொல்ல முடியாது. மேகத்துக்கு வெளியே விழுந்தபோது உயரமானி 900. கீழே வயல், ஒரு லேண்ட் மாஸ்டர் உழவு மெஷின், அதன் மேல் ஒருவர் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. அவர் முகம் தெரியும் அளவுக்குத் தரை கிட்டத்தில் இருந்தது.

இது ஏன் நடக்கிறது என்பதைத் தயிர்ச்சட்டி எனக்குக் காட்டியது. இறங்கிய பிறகு பார்க்கிறேன், சட்டி வாயில் கட்டிய தாள் நனையவே இல்லை. 45 பாகைக்கு மேல் சாய்ந்த விமானத்தில் ஒரு சொட்டுத் தயிர்த் தண்ணி சிந்தவில்லை. ஒழுங்காகச் சாய்ந்து திரும்பும் விமானத்தில் பாரம் இருக்கைக்கு நேர் கீழேதான் இழுக்கும்; சட்டிக்கும் உங்கள் உடம்புக்கும் அதுதான் ‘கீழ்’. காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்களில் திரவம் திரும்பல் தொடங்கும்போதுதான் அசையும். ஒரே வீதத்தில் திரும்பிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் அதுவும் குழாயோடு சேர்ந்து ஓடி அடங்கிவிடும், நீங்கள் நேராகப் போகிறீர்கள் என்று மூளைக்குச் சொல்லும். மிக மெதுவாகத் தொடங்கிய திரும்பல் என்றால் முதலிலிருந்தே சொல்லாது. பிறகு நீங்கள் சிறகைச் சமமாக்கினால் எதிர்ப்பக்கம் சாய்வதாகக் கத்தும். அன்று இரவு மாமாவின் ஓட்டோவில் வீட்டுக்குப் போகும்போது கல்லடிப் பாலத்தால் இறங்கி வளைந்த இடத்தில் அதே சட்டி அம்மாவின் சேலையில் ஊற்றியது. ஓட்டோ சாயாமல் வளையும், விமானம் சாய்ந்து வளையும்; வித்தியாசம் அவ்வளவுதான்.

1954இல் அமெரிக்காவில் இலினோய் பல்கலைக்கழகத்தில் கருவிகளைப் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத இருபது விமானிகளை எடுத்து, வெளியே தெரியாதபடி மறைத்துப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், பத்தொன்பது பேர் இந்தச் சுழலுக்குள்ளேயே போனார்கள். சராசரி 178 வினாடி. மூன்று நிமிடம் கூட இல்லை. அனுபவம் இருந்தால் வராது என்றும் நினைக்க வேண்டாம். 2020 ஜனவரியில் கலிபோர்னியாவின் கலாபாசஸ் மலையில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் போன ஹெலிகொப்டரின் விமானி, ஏறிக்கொண்டிருப்பதாக ரேடியோவில் சொன்னபோது அது இடப்பக்கம் சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது பேர் போனார்கள். அந்த விமானி ஆயிரக்கணக்கான மணித்தியாலம் பறந்தவர், கருவிப் பறப்புக்கான தகுதியும் இருந்தவர். 2021 டிசம்பரில் குன்னூரில் ஜெனரல் பிபின் ராவத் இறந்த விபத்திலும் விசாரணை சொன்னது பள்ளத்தாக்கில் திடீரென்று மாறிய வானிலை, மேகத்துக்குள் நுழைவு, திசை உணர்வு இழப்பு. இலினோயில் அதோடு விடவில்லை. அதே ஆட்களுக்கு ஒரு முறை பழக்கினார்கள்: வேகத்தைக் குறை, பிடிக்காமலே அந்த வேகத்தில் நிற்கும்படி ட்ரிம் பண்ணு, யோக்கை விட்டுவிடு, திரும்பல் முள்ளைப் பார்த்துக் காலால் மட்டும் திருப்பி வெளியே வா. கை கெடுக்கும் காரியத்தைக் கையிடம் கொடுக்காதே என்பதுதான் அதன் சூட்சுமம்.

மட்டக்களப்புக்குத் திரும்புவது எதிர்காற்றில் ஏறத்தாழ நாற்பது நிமிடம். டாங்கியில் 38 லீற்றர், மணிக்கு 23 குடிக்கும், போதும். கை நடுங்கியதால் பவரைக் குறைத்து மெதுவாகப் போனேன். பதியத்தலாவை தாண்டினதும் எஞ்சின் சுற்றுவேகம் 2,300இலிருந்து தானாக 2,050க்கு வழுக்கியது. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் ஐஸ். 24 பாகை வெயிலூரில் ஐஸா என்று கேட்காதீர்கள்; பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று ஒடுக்கத்தால் நுழையும்போதும் உள்ளே வெப்பநிலை 20 பாகைக்கு மேல் விழும், ஈரக்காற்றும் குறைந்த பவரும் சேர்ந்தால் மாரியில் எங்கள் பக்கம் இது சாதாரணம். அதற்குள் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட்டை முழுதாக இழுக்க வேண்டும், அரைகுறையாக அல்ல. இழுத்ததும் எஞ்சின் இன்னும் கரகரக்கும், சுற்றுவேகம் இன்னும் விழும், உருகிய தண்ணீரை விழுங்குகிறது. அங்கே பயந்து திரும்பத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. விட்டுவிடுங்கள், அரை நிமிடத்தில் மீளும். வாடைக்கு நேரே 06 ஓடுபாதையில் இறங்கினேன். டவரில் இருந்தவர் காற்றை மட்டும் சொன்னார், வேறொன்றும் கேட்கவில்லை. அந்த மனுசனுக்குப் புண்ணியம். கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

‘என்ன மனே, கிறுகி வந்திட்டாய்?’ என்றா அம்மா. எங்கட ஊரில் திரும்புவதைக் கிறுகுவது என்போம். மழை என்று மட்டும் சொன்னேன். பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். பள்ளிக்குக் கோல் எடுக்க இருபது நிமிடம் பிடித்தது, பேச்சும் நல்லாகவே விழுந்தது. கணக்கு: வீணான ஒன்று இருபது மணித்தியாலத்துக்கு 80,000, ரத்தான மற்றவர்களின் பறப்புகளுக்கு 50,000, நானா கூட்டாளி எஞ்சினியரோடு வர, தங்க 35,000, சிறகு இணைப்புகளைப் பரிசோதிக்க 40,000, சில்லறை ஐயாயிரம். மொத்தம் 2,10,000. அதிகமாக இழுத்தேன் என்பதை மறைத்திருந்தால் அந்த 40,000 மிஞ்சியிருக்கும், அடுத்து எடுப்பவன் தலையில் ஏறியிருக்கும். பிறகு ஹூட் போட்டு மூன்று மணித்தியாலம் திரும்பப் பழகினதற்கு, பயிற்சிக் கட்டணத்தோடு 2,04,000. ஆறு கிழமை தனியாகப் பறக்கவில்லை.

இப்போது என் தொடைப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், கிளம்ப முன் தரையில் எழுதியது. அதில் ஒரு இடமும் ஒரு உயரமும் இருக்கும்: ‘மகாஓயா, 2,000. குறைந்தால் கிறுகு, இடப்பக்கம், 060.’ மேலே போய் யோசிப்பதற்கு ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை. இடம் முக்கியம், அது மலைக்கு முன்னால், ஒரு கடல் மைலுக்குப் பல மடங்கு அகலமான வெளியாக இருக்க வேண்டும். திசைப் பாகையை எழுதுவது ஏனென்றால், மேகத்துக்குள் கூட்டல் கழித்தல் வராது. விமானத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டிய நேரத்துக்கு முன்னும் பின்னும் யாருக்கும் பதிவு இல்லாத நாளில்தான் எடுக்கிறேன், கையில் ஒரு இரவு தங்கக் காசு வைத்திருக்கிறேன். தங்கக் காசில்லாதவன் திரும்ப மாட்டான். செய்மதிப் படம் பத்து நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, ஒன்றைப் பார்க்காமல் ஒரு மணித்தியாலத்துப் படங்களை ஓடவிட்டுப் பார்க்கிறேன். மகியங்கனையில் ஒரு டயர்க்கடைக்காரரைப் பழக்கம் பிடித்திருக்கிறேன். ‘மலை தெரியுதா?’ என்று கேட்பேன். அவர் வெளியே எட்டிப் பார்த்து ஆம், இல்லை என்பார். வானிலை அறிக்கைக்கு இது மாற்றல்ல, ஆனால் அறிக்கை இல்லாத இடத்துக்கு அவர்தான் அறிக்கை.

மூன்றாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு நானாவோடு கிளம்பினேன். சிகிரியாவால் போவோம் என்றேன். ‘வெளியில பாரன் தம்பி’ என்றார். கடைசி மலைமுகடு வரை தெளிவு, மேகம் ஒன்பது மணிக்குப் பிறகுதான் முளைக்கும். மகாஓயாவில் தாளைப் பார்த்தோம், சரி. 8,500 அடிக்கு ஏறி நேராகவே போனோம். மகியங்கனை தாண்டினதும் இடப்பக்கம் மகாவலி வளைந்து மலைக்குள் நுழைவது தெரிந்தது, ரந்தெம்பேயில் இரண்டு சரிவும் ஆற்றின் மேல் நெருங்கி நிற்பதும் தெரிந்தது. ‘அதுக்குள்ள எங்க கிறுகியிருப்பாய்?’ என்று கேட்டார். பின்னால் போய் மறையும்வரை தேடிக்கொண்டிருந்தேன்.